மாடிப்படிக்குக் கீழே இடித்தது யார்?

ரெய்னர்ஸ் லேன்,
21.03.2006

அன்பு மகள் றொஷானிக்கு,

நானும் அப்பாவும் இங்கே சுகம். நீயும் பிரியந்தனும் அந்தக் கல்கரிக் குளிரில் கைகால் விறைக்காமல் சுகமாக இருக்க வேண்டுமென்று நான் கும்பிடுகிற தெய்வத்திடம் சொல்லியிருக்கிறேன், அதற்கு வேலை கூடிவிட்டால் என்று பக்கத்து வீட்டுக் கோதை அன்ரி கும்பிடுகிற தெய்வத்திடமும் சொல்லிவைத்திருக்கிறேன். போனில் சொல்லாமல் ஏன் அம்மா கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். போன் அப்பாவின் கதிரைக்குப் பக்கத்தில் இருக்கிறது, ஈமெயிலுக்குப் பாஸ்வேர்ட் போட்டது அப்பா, ஆகவே பள்ளிக்கூடக் குசினி வேலை முடிந்து வருகிற வழியில் நூலகத்தில் ஒரு மேசை பிடித்து, மூன்று நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாக இதை எழுதுகிறேன். எதிரே இருக்கிற வெள்ளைக்காரக் கிழவர் நான் தனியே சிரிப்பதைப் பார்த்து நேற்று மேசை மாறிவிட்டார்.

நீ ஐசில் சறுக்கி விழுந்த கதையைப் பிரியந்தன் சொல்லித்தான் எனக்குத் தெரியும், நீயாகச் சொல்லவில்லை. அடியில் பல்லு வைத்த சப்பாத்து வாங்கு, வடிவைப் பார்க்காதே, விழுந்து கிடக்கும்போது ஒருவரும் சப்பாத்தின் வடிவைப் பார்ப்பதில்லை. இடுப்புக்கு ஒத்தடம் கொடு, நோவு மாறவில்லை என்றால் டொக்டரிடம் போ, இணையத்தில் வைத்தியம் தேடாதே. உன் தம்பி மிதுலன் கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்கிற ஊரில் புது வீட்டுக்குப் போய்விட்டான், அவனுக்கு உடுப்பு அலுமாரியின் பலகைகளைப் பொருத்திப் பூட்டிக் கொடுக்க இந்த மாதம் நாலாம் தேதி, சனிக்கிழமை, அப்பா துளைபோடுகிற மெஷினோடு போனார். பூட்டி முடிந்த பிறகு பார்த்தால் கதவு இரண்டும் தலைகீழாம், கைபிடி முழங்காலுக்கு நேரே இருக்கிறதாம். அப்பா அதை ஜேர்மன் முறை என்று சொல்லியிருக்கிறார். மிதுலன் குனிந்து திறக்கப் பழகிக்கொண்டான். அந்தச் சனிக்கிழமை அப்பா அங்கே போய் நின்றதால்தான் இங்கே நான் சொல்லப்போகிற அத்தனையும் நடந்தது.

கோதை அன்ரியின் புருஷன் நரசிம்மன் அங்கிளுக்கும் அப்பாவுக்கும் மூன்று மாதமாகப் பேச்சில்லாமல் இருந்தது உனக்குத் தெரியாது. அங்கிள் எப்படி என்று நீ கேட்டபோதெல்லாம் சுகமாக இருக்கிறார் என்று நான் சொன்னது பொய்யில்லை, அவர் சுகமாகத்தான் இருந்தார், கோபமாகவும் இருந்தார். முந்தி எப்படி இருந்தவர்கள் என்று உனக்குத் தெரியும். அங்கிளுக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்து எழுத்து மங்கின நாளிலிருந்து சனிக்கிழமைதோறும் அப்பாதான் போய்ப் பேப்பர் வாசித்துக் காட்டினார், கண் ஆஸ்பத்திரிக்கு ஒவ்வொரு முறையும் காரில் கூட்டிக்கொண்டு போனதும் அவர்தான். ஒருவர் யாழ்ப்பாணம், ஒருவர் திருச்சி, ஒருவர் சொல்வது மற்றவருக்குப் பாதி விளங்காது, அதனாலேயே நல்ல ஒற்றுமை. டிசம்பர் மாதம்தான் அந்தச் சத்தம் தொடங்கியது.

அப்பாவுக்குப் பெற்றோல் ஷெட்டில் ஆறு மணி ஷிப்ட், ஐந்தரைக்குக் குளிப்பார். அவர் குளித்துக்கொண்டிருக்க, மாடிப்படிக்குக் கீழே இருந்து டொக், டொக், டொடொக் என்று யாரோ உலக்கை போடுவதுபோல ஒரு சத்தம். படிக்குக் கீழே இருக்கிற சுவர் நமக்கும் அங்கிள் வீட்டுக்கும் பொதுச் சுவர். "இந்த மனிசன் விடியக்காலமை என்னத்தை இடிக்கிறார்?" என்று அப்பா இடுப்பில் கட்டின துவாயோடு கத்தினார். சுவருக்கு அந்தப் பக்கம் அங்கிளின் சாமி அறை. ஐந்தரைக்குக் கண்ணை மூடிக்கொண்டு உட்காருகிற மனிதருக்கு அதே சத்தம் காதுக்குள் கேட்டிருக்கிறது. ஒரு கிழமை பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு நாள் மாலை வந்து, "சார், தப்பா நினைச்சுக்காதீங்க, காலையில உங்க வீட்டுல மாவு இடிக்கிறதைக் கொஞ்சம் தள்ளி வச்சுக்க முடியுமா?" என்று மரியாதையாகத்தான் கேட்டார். அப்பா விட்டாரா, "இடிக்கிறது நீங்கள், கேக்கிறது என்னட்டையோ?" என்றார். அங்கிள் "நானா?" என்றார், அப்பா "பின்ன நானோ?" என்றார், அவ்வளவுதான், அன்றிலிருந்து இருவரும் வேலிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குப்பை கொட்டத் தொடங்கினார்கள். அப்பா ஒரு படி மேலே போய், சத்தம் கேட்டால் தும்புத்தடியின் பிடியால் திருப்பிச் சுவரில் இடிப்பார். அதுவரைக்கும் ஒரு சத்தமாக இருந்தது இரண்டு சத்தம் ஆனது.

பெப்ரவரியில் அப்பாவுக்குக் காய்ச்சல் வந்து மூன்று நாள் குளிக்கவில்லை. மூன்று நாளும் சத்தம் இல்லை. "வருத்தக்காரன் எண்டு இரக்கப்பட்டு விட்டிட்டார், உள்ளுக்குள்ள நல்ல மனிசன்" என்று போர்வைக்குள் இருந்து அப்பா சொன்னார். நாலாம் நாள் குளித்தார், இடி தொடங்கியது, நல்ல மனிசன் மறுபடி கெட்ட மனிசன் ஆனார். எனக்கு மட்டும் ஒரு பொறி தட்டியது. மெதுவாகப் போய்ப் படிக்குக் கீழே இருக்கிற அலுமாரிக் கதவில் காதை வைத்தேன். சுவர் இடிக்கவில்லை பிள்ளை, நம்முடைய சுடுதண்ணி ஹீற்றர் இடித்தது. மற்ற வீடுகளில் சுவரில் தொங்குகிற சின்னப் பெட்டி இல்லையா, நமக்கு வீடு விற்ற கிழவர் குழாய் வேலைக்காரர் என்பதால் தன் கைப்பட ஆளுயர வெள்ளை உருளை ஒன்றை அதற்குள் நிறுத்திவிட்டுப் போனாரே, அடியில் காஸ் எரிய மேலே தண்ணீர் சுடுமே, அதுதான். ஏழு வருடமாக அதை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த ஞாயிறு நீ போன் எடுத்து, நீயும் பிரியந்தனும் உங்கள் வீட்டு ஹீற்றரை முதல்முறையாகக் கழுவிய கதையைச் சொன்னாய், அடியில் மண்போலப் படிந்து கிடந்தால் அதற்குக் கீழே தண்ணீர் கொதித்துக் குமிழி விட்டு இடிக்கும் என்றாய். லண்டன் தண்ணீரைப் பற்றி எனக்குச் சொல்ல வேண்டுமா, ஒரு மாதத்தில் கேத்தலின் அடியில் சுண்ணாம்பு பிடிக்கிறது, ஏழு வருடத்தில் அந்த உருளைக்குள் ஒரு சுவரே கட்டியிருக்கும் என்று அப்போதே விளங்கியது. நான் துருவித் துருவிக் கேட்டதையும், நீ "ஏன் அம்மா, நீங்கள் செய்யப்போறியளோ?" என்று சிரித்ததையும், நான் சும்மா அறிவுக்காகக் கேட்டேன் என்று சொன்னதையும் நினைத்துப்பார். அது பொய்.

முதலில் அப்பாவிடம்தான் நேர்மையாகச் சொன்னேன், அந்தப் பழி எனக்கு வேண்டாம். இஞ்சாருங்கோ, இடிக்கிறது எங்கட ஹீற்றர்தான், உள்ளே கழுவ வேணுமாம், றொஷானி சொல்லுறாள் என்றேன். அப்பா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார், நீளமாகப் பேசப்போகிறார் என்று அர்த்தம். "கௌரி, ஜேர்மனியில பதினாலு வருசம் ஹீற்றரோட வாழ்ந்தனான். சட்டி கழுவலாம், கார் கழுவலாம். தண்ணி நிக்கிற சாமானைத் தண்ணியால கழுவுறது எண்டு உமக்கு ஆர் சொன்னது?" என்றார். நீதான் சொன்னாய் என்று மறுபடி சொன்னேன், கனடாத் தண்ணி வேறை என்று முடித்துவிட்டார்.

கதை அதோடு நின்றிருக்கும். ஆனால் மாதம் பிறந்த இரண்டாம் நாள் கடையில் மிளகாய்த்தூள் அடுக்குக்குப் பின்னால் கோதை அன்ரி என் கையைப் பிடித்து இழுத்தார். புருஷன்மார் பேசாத மூன்று மாதமும் நாங்கள் அங்கேதான் பேசுவோம், அது உனக்குப் புதுத் தகவல். அன்ரியின் கண் கலங்கியிருந்தது. "கௌரி, சத்தம் போடற வீடுன்னு உங்க மேல கவுன்சிலுக்குப் புகார் எழுதி வச்சிருக்கார். என்னைக்கு, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம்னு பதினாலு பக்கம். பூதக்கண்ணாடி வச்சுக்கிட்டு எழுதினார். திங்கக்கிழமை தபால்ல போடறாராம்" என்றார். அதற்கு மேல் சொன்னதுதான் எனக்குச் சுட்டது. அடுத்த வியாழக்கிழமை அங்கிளுக்குக் கண் ஒப்பரேஷன். அப்பாவிடம் கேட்க மாட்டாராம், டாக்ஸியும் வேண்டாமாம், ஒரு கண்ணைக் கட்டிக்கொண்டு இரண்டு பஸ் மாறித் தானே வருவாராம். வீம்பைப் பார். புகார் போய்விட்டால் பிறகு இந்த இரண்டு வீடும் சேராது, அது எனக்கு நன்றாகத் தெரியும். அப்பா அடுத்த நாளே பதிலுக்குப் பதினைந்து பக்கம் எழுதுவார்.

அங்கிளிடம் உண்மையைச் சொல்லிவிடலாமே என்று நீ கேட்பாய். சொன்னால் அங்கிள் அப்பாவிடம் வருவார், அப்பா எல்லார் முன்னாலும் தோற்பார், தோற்ற அப்பாவோடு குடும்பம் நடத்த வேண்டியது நீயில்லை, நான். பதிவு செய்த காஸ்காரர் ஒருவருக்குப் போன் எடுத்தேன், செவ்வாய்க்கிழமைக்கு முன்னால் வர ஏலாது என்றார். தண்ணீரை மட்டும் இறக்கிக் கழுவுவது வீட்டுக்காரர் செய்யக்கூடியதுதான், முன்னால் இருக்கிற திருகை ஓஃப் பண்ணிவிட்டுச் செய்யுங்கள், காஸ் குழாயில் மட்டும் கைவைக்காதீர்கள் என்று சொன்னார். திங்கட்கிழமைக்கும் செவ்வாய்க்கிழமைக்கும் நடுவில் நான் நின்றேன். சனிக்கிழமை அப்பா பார்க்கிங் போகிறார். கடவுள் வேறு எப்படி வழிகாட்டுவார்?

அப்பாவின் கார் மூலை திரும்பியதும் ஹீற்றரை ஓஃப் பண்ணினேன். நீ சொன்னபடி உள்ளே இருந்த சுடுதண்ணி ஆற வேண்டும் என்று இரண்டு வாளி உடுப்புத் தோய்த்து, குளியல் தொட்டியை நிரப்பி, கையில் பிடிக்கக்கூடிய சூடு வரும்வரை திறந்து விட்டேன். ஒன்பதரைக்குக் கோதை அன்ரி, தோழி தயாளினி வீட்டுக்குப் பலகாரம் செய்ய உதவப் போகிறேன் என்று அங்கிளிடம் சொல்லிவிட்டு, முன்வாசலால் கைவீசிக்கொண்டு போய், தெருவைச் சுற்றிப் பின்சந்தால் நம்முடைய வளவுக்குள் வந்தார். பட்டுச் சேலை, அதற்குக் கீழே ஓடுகிற சப்பாத்து, கையில் ஒரு பை. பைக்குள் அங்கிளின் ஸ்பனர். அப்பாவின் ஆயுதப் பெட்டி பூட்டியிருக்கும், பூட்டின் திறப்பு அவருடைய அரைஞாணோடு போய்விடும் என்று நான் முதல் நாளே சொல்லியிருந்தேன்.

மேலே தண்ணீர் வருகிற குழாயின் சிவப்புச் சக்கரத்தை நான் இறுக்கி மூடினேன். காற்றுப் போக மாடிக் குளியலறையில் சுடுதண்ணிக் குழாயைத் திறந்து வைத்தேன். உருளையின் அடியில் இருந்த வடிகுழாயில் தோட்டத்து ஹோஸை மாட்டி, குசினியால் பின்வளவுக்கு இழுத்துவிட்டோம். அன்ரி முழங்காலில் இருந்து ஸ்பனரைப் போட்டுத் திருகினார், நான் அவர் தோளைப் பிடித்துத் திருகினேன், அது அசைந்தது. நாங்கள் இரண்டு பேரும் பின்வளவுக்கு ஓடிப்போய் ஹோஸ் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஒரு சொட்டு இல்லை. உள்ளே அத்தனை தண்ணீர் நிற்கிறது, வெளியே ஒரு சொட்டு வரவில்லை. "அடைச்சிருக்கு கௌரி, குத்தி விடணும்" என்று அன்ரி சொன்னார். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஹோஸைக் கழற்றி, உடுப்புக் கொழுவுகிற கம்பியை நிமிர்த்தி உள்ளே விட்டுக் கிண்டினார். நான் பின்னால் நின்று நல்லாக் குத்துங்கோ அக்கா என்று உற்சாகப்படுத்தினேன். அதுதான் பிழை.

எப்படிச் சொல்லுவேன். யானை தும்மியதுபோல ஒரு சத்தம், அன்ரி பின்னால் சாய்ந்து என் மடியில், இருவர் மேலும் வெள்ளைத் தண்ணீர். தண்ணீர் என்று சொல்ல ஏலாது, முட்டை ஓட்டை உடைத்துக் கஞ்சியில் கரைத்ததுபோல, கட்டியும் துண்டுமாக. அன்ரியின் மூக்குத்தியில் ஒரு சுண்ணாம்புத் துண்டு தொங்கியது. நான் சிரித்தேன், அவரும் சிரித்தார், இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே ஆளுக்கொரு கையால் ஹோஸைத் திரும்ப மாட்டினோம், சிரித்ததால் மூன்று தரம் கழன்றது. அதற்குப் பிறகு நன்றாக ஓடியது. இடைக்கிடை மேலே சிவப்புச் சக்கரத்தைக் கொஞ்சம் திறந்து தண்ணீரை வேகமாக விட்டு உள்ளே கலக்கினேன், ஒவ்வொரு முறையும் ஒரு வாளி சுண்ணாம்பு வந்தது. நாங்கள் உள்ளே பெருமையாகப் பார்த்துக்கொண்டிருக்க, வெளியே ஹோஸின் வாய் வேகத்தில் துள்ளி, வேலிக்குக் கீழே புகுந்து, அங்கிளின் புல்தரையில் பால் ஆறாக ஓடிக்கொண்டிருந்தது எங்களுக்குத் தெரியாது.

முன்கதவு மணி அடித்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு நெடிய நிழல். அன்ரி "ஐயோ, அவர்!" என்று சொல்லிவிட்டு அலுமாரிக்குள், ஹீற்றரோடு ஹீற்றராக ஒட்டிக்கொண்டார். நான் போய்க் கதவைத் திறந்தேன். மூன்று மாதத்துக்குப் பிறகு நரசிம்மன் அங்கிள் நம்முடைய வாசலில். "மிஸஸ் சண்முகராசா, எங்க தோட்டத்துல வெள்ளையா என்னமோ ஓடுதே, என்னது அது?" என்று கேட்டார். எனக்கு வாயில் வந்தது, அரிசி கழுவின தண்ணி. அவர் வேலிப்பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். "நிறைய அரிசி போல" என்றார். ஓம், நிறைய அரிசிதான், இவருக்குச் சோறு நல்ல விருப்பம் என்றேன். மகளே, என் தலையில் இருந்து ஒரு சுண்ணாம்புக் கட்டி விழுந்து வாசல் மிதியடியில் கிடந்தது. அங்கிள் குனிந்து, முகத்துக்குக் கிட்ட வைத்து அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார், "சரிங்க, பாத்துப் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கதவைச் சாத்திய பிறகுதான் கவனித்தேன், என் கையில் அந்த ஸ்பனர் இருந்தது. அதன் பிடியில் மஞ்சள் பெயின்ற்றால் "ந" என்று எழுதியிருந்தது. அங்கிள் எல்லாச் சாமானிலும் பெயர் போடுகிற ஆள்.

அன்ரியிடம் சொன்னேன், இருவருக்கும் சிரிப்பு நின்றுவிட்டது. ஆனாலும் வேலையைப் பாதியில் விட ஏலாது. தண்ணீர் கண்ணாடிபோல வரும்வரை ஓடவிட்டு, வடிகுழாயை மூடி, மேலே குழாயில் காற்றெல்லாம் துப்பித் துப்பி நேராகத் தண்ணீர் வரும்வரை நிரப்பினோம். கடைசியாக நெருப்பு. யன்னல்களைத் திறந்து வைத்து, காஸ் மணக்கிறதா என்று இரண்டு மூக்கும் பார்த்துவிட்டு, ஹீற்றரில் ஒட்டியிருந்த மங்கின எழுத்தை அன்ரி வாசிக்க நான் செய்தேன். திருகை அமத்திப் பிடித்துக்கொண்டு பொத்தானை அழுத்த வேண்டும், சின்னச் சுடர் பிடித்ததும் முப்பது எண்ணும்வரை கையை எடுக்கக் கூடாது. அன்ரி எண்ணினார், பத்தொன்பதில் "அவர் இப்ப என்ன நினைச்சிருப்பார் கௌரி" என்று கேட்டார், நானும் பதில் சொல்லக் கையை எடுத்துவிட்டேன், அணைந்தது. அந்த எழுத்தில் சொன்னபடி ஐந்து நிமிடம் பொறுத்து இரண்டாம் தரம் செய்தோம், இருபத்தாறில் அவருக்குத் தும்மல் வந்து எண்ணிக்கை தவறியது. மூன்றாம் தரம் நானே மனதுக்குள் எண்ணினேன். சுடர் நின்றது, பிறகு அடியில் பூப்போல நீலமாக விரிந்தது. ஒரு டொக் சத்தம் இல்லை. அந்த அலுமாரிக்குள் நாங்கள் இரண்டு பேரும் நனைந்த சேலையோடு கையைப் பிடித்துக்கொண்டு நின்றதை நீ பார்த்திருக்க வேண்டும்.

மாலையில் அப்பா வந்தார். கை கழுவிவிட்டு, "தண்ணி நல்லாச் சுடுது, போன கிழமை நான் திருகை ஒருக்காத் திருப்பி விட்டனான், அதுதான்" என்றார். ஓம், இருக்கும் என்றேன்.

ஞாயிறு காலை ஐந்தரைக்கு, ஷிப்ட் இல்லாவிட்டாலும் பழக்கத்தில் எழும்பிக் குளித்தார். குளித்துவிட்டுத் தும்புத்தடியை எடுத்துக்கொண்டு படிக்குக் கீழே போய்க் காத்து நின்றார். சத்தம் வரவில்லை. பத்து நிமிடம் நின்றார். தடியைச் சாத்தி வைத்துவிட்டு வந்து, "பாத்தீரோ, பயந்திட்டார்" என்றார், ஆனால் முகத்தில் அவ்வளவு வெற்றி இல்லை, சண்டைக்கு ஆள் வராத ஏமாற்றம்தான் இருந்தது. பத்து மணிக்கு மணி அடித்தது. அங்கிள், நல்ல வேட்டி சட்டையோடு. அப்பா கதவை முழுதாகத் திறக்கவும் இல்லை, சாத்தவும் இல்லை. அங்கிள் சொன்னார், "சார், இன்னைக்குக் காலையில நிம்மதியாப் பூஜை பண்ணினேன். நன்றி சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்." அப்பா நெஞ்சை நிமிர்த்தி, "நானும் நிம்மதியாக் குளிச்சனான், உங்களுக்கும் நன்றி" என்றார். சொல்லிவிட்டு நெற்றியைச் சுருக்கினார். "பொறுங்கோ, நீங்கள் எனக்கேன் நன்றி சொல்லுறியள்? நான் ஒண்டும் நிப்பாட்டேல்லையே" என்றார். நான் தேத்தண்ணிக் கோப்பையோடு நடுவில் போய் நின்றேன்.

அங்கிள் என்னைப் பார்த்தார். அந்த மங்கின கண்ணாலேயே பார்த்தார். பிறகு அப்பாவிடம், "இல்ல சார், என்னைப் பொறுத்துக்கிட்டதுக்கு நன்றின்னு சொல்ல வந்தேன். இடிச்சது நான்தான்" என்றார். வாழ்க்கையில் ஒரு பொய் சொல்லியிராத மனிதர், பொதுச் சாமானில்கூடப் பெயர் எழுதி வைக்கிற மனிதர். அப்பா விடுவாரா, "என்னத்தை இடிச்சனீங்கள்?" என்றார். அங்கிள் கூரையைப் பார்த்தார். "மிளகு" என்றார். "ரசத்துக்கு." அப்பா என் பக்கம் திரும்பி, "நான் சொன்னனான் எல்லோ! மிளகு! எனக்கு அப்பவே மணத்தது!" என்றார். பிறகு அங்கிளின் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு வந்து தன்னுடைய கதிரையில் இருத்தினார். அந்தக் கதிரையில் மிதுலனைக்கூட இருக்க விடமாட்டார் என்று உனக்குத் தெரியும். அரை மணித்தியாலத்தில் பழைய பேப்பர்களை எல்லாம் எடுத்து மூன்று மாதச் செய்தியையும் ஒரேயடியாக வாசித்துக் காட்டத் தொடங்கினார். கோதை அன்ரி பிறகு சொன்னார், கவுன்சில் புகாரைச் சனிக்கிழமை மத்தியானமே அங்கிள் கிழித்துப் போட்டாராம். கடைசிப் பக்கத்தில் அன்றைய குறிப்பு இருந்ததாம்: "காலை 10.50, பெண்கள் சிரிப்பு, இருவர், நிறுத்தாமல்." அதற்குப் பிறகு ஒன்றும் எழுதவில்லையாம்.

வியாழக்கிழமை அப்பா ஷிப்டை மாற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார், நாள் முழுக்க அங்கேயே இருந்தார். ஒப்பரேஷன் நல்லபடி முடிந்தது. அடுத்த நாள் கட்டை அவிழ்த்ததும் அங்கிள் முதலில் அப்பாவைப் பார்த்து, "சார், உங்களுக்கு இவ்வளவு நரையா?" என்று கேட்டாராம். அப்பா வீட்டுக்கு வந்து கண்ணாடிக்கு முன்னால் வெகுநேரம் நின்றார், இன்னும் முழுதாகத் தேறவில்லை. அதற்கு முன்னாலே செவ்வாய்க்கிழமை காஸ்காரர் வந்து ஹீற்றரை முழுக்கப் பார்த்தார், காஸ் பக்கம் ஒரு குறையும் இல்லை என்றார், வடிகுழாய் மட்டும் மெல்லச் சொட்டியது, புதிதாக ஒன்று மாற்றினார். இரண்டு மூன்று வருடத்தில் இந்த உருளையையே மாற்ற வேண்டி வரும், அதுவரை வருடத்துக்கு ஒரு தரம் கழுவினால் போதும் என்றார். யார் கழுவியது, நல்லாச் செய்திருக்கிறார்களே என்று கேட்டார். எனக்கு எவ்வளவு பெருமை, ஒருவரிடமும் சொல்ல ஏலவில்லையே.

எனக்கு மனதில் ஒரு முள் மட்டும் இருந்தது. மிளகு இடித்த கதையை அப்பா பெற்றோல் ஷெட்டில் சொன்னார், கடையில் சொன்னார், கிங்ஸ்பரியில் குருமூர்த்தி மகளின் கலியாணத்தில் ஒரு மேசை முழுக்கச் சொன்னார். போன சனிக்கிழமை ஒரு மின்சார அரைக்கிற மெஷின் வாங்கி, ரிப்பன் கட்டி, அங்கிளுக்குப் பரிசாகக் கொடுத்தார், "இனி நீங்கள் கஷ்டப்பட்டு இடிக்கத் தேவையில்லை" என்றார். அங்கிள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். பொறுக்க முடியாமல் நேற்று நான் வேலியடிக்குப் போய், அங்கிள், எங்களால் உங்களுக்கு இந்தப் பெயர், எனக்குக் கூச்சமாக இருக்கிறது என்று சொன்னேன். அவர் சுற்றிலும் பார்த்தார், புதுக் கண்ணால் தூரம்வரை பார்த்தார், அப்பா இல்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "அடுத்த மார்ச்ல அவரை எங்கயாவது அனுப்பிடுங்கம்மா. ஹோஸை நான் பிடிச்சுக்கறேன். நீங்க ரெண்டு பேரும் சரியாப் பிடிக்கல."

இனி உனக்கு வேலை. இந்தக் கிழமை இன்னொரு கடிதமும் உனக்கு வரும், அது நான் வீட்டு மேசையில் இருந்து எழுதுவது, அப்பா வாசித்துப் பார்த்து அடியில் தானும் நாலு வரி போடுவார். அதில் நான் எழுதுகிறது எல்லாம் பொய், அப்பா எழுதுகிறது எல்லாம் அவர் நம்புகிறது, இரண்டையும் மதிப்போடு வாசி. அவர் போனில் மிளகுக் கதையைத் தொடங்கினால் முதல் தரம் கேட்பதுபோலக் கேள், நடுவில் சிரித்து என்னைக் காட்டிக் கொடுக்காதே, முடிவில் நீங்கள் இல்லாவிட்டால் இந்தச் சண்டை தீர்ந்திருக்காது அப்பா என்று ஒரு சொல் சொல்லு, அது உண்மையும்தான், அவர் பார்க்கிங் போகாமல் விட்டிருந்தால் தீர்ந்திராது. பிரியந்தனுக்குச் சொல்லலாம், மிதுலனுக்கு வேண்டாம், அவன் வாய் தலைகீழாகப் பூட்டினது.

நேரத்துக்குச் சாப்பிடு, ஐசில் ஓடாதே, சப்பாத்தை இன்றைக்கே வாங்கு. வருகிற மார்ச்சில் உங்கள் ஹீற்றரையும் மறக்காதே, கழுவும்போது தலைக்கு ஒரு துணி கட்டிக்கொள். நீயும் பிரியந்தனும் ஒருவர் குறையை ஒருவர் கொஞ்சம் மறைத்து, நிறையச் சிரித்து, நீண்ட நாள் நிறைவாக வாழ வேண்டும் என்று என் நெஞ்சார வாழ்த்துகிறேன். நூலகத்தை மூடப்போகிறார்கள், தபால்பெட்டி வாசலிலேயே இருக்கிறது.

உன்னிடம் மட்டும் பொய் சொல்லத் தெரியாத,
அம்மா
ஜெயகௌரி சண்முகராசா